ஆறுமணிக் குருவியும் அண்ணனின் நாடாவும்

எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இருமல் நிற்காமல் போனால், அந்த வீட்டுப் பெண்கள் குழாயடிக்கு வரும் சாக்கில் என்னிடம் வந்து நிற்பார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். ஊசி ரொம்ப வலிக்குமா, நடுவில் வீட்டுக்கு விடுவார்களா, முடி கொட்டுமா. ஒரு அம்மா தன் மகளுக்காகக் கல்யாணம் ஆகுமா என்று கேட்டு அழுதாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு தறிதான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது நெஞ்சுச் சளி நோய். காசம், டிபி என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் வாயால் சொன்னது கிடையாது. "அந்த சீக்கு" என்றுதான் சொல்வோம். முதலில் வந்தது என் அண்ணனுக்கு. அவன் இப்போது இல்லை. போன வருஷம் ஆவணியில் போய்விட்டான். இருபத்து நாலு வயது.

அண்ணனும் நானும் ஒரே தறியில் வேலை செய்தவர்கள். கரை அகலமாக இருக்கும் பட்டுச் சேலைக்கு ரெண்டு ஆள் வேண்டும். அண்ணன் தறிக்குழியில் காலை விட்டு நடுவில் உட்கார்ந்து நெய்வான். நான் அவன் வலது கைப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டுவேன். பதினோரு வயதிலிருந்து அந்த இடம் என்னுடையது. அவன் பாடுவான், திட்டுவான், எனக்குக் கொட்டாவி வந்தால் தலையில் குட்டுவான். அவனுக்கு இருமல் வந்தபோது குழி ஈரம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐப்பசியில் ரத்தம் துப்பினான். அதன் பிறகுதான் நைனா அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

ஆரணியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அண்ணன் அங்கே ஆண்கள் வார்டில் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தான். உடம்பு தேறிவிட்டது. கன்னத்தில் சதை வந்தது. தை மாதம் பங்குனிக் கல்யாணங்களுக்குச் சேலை கேட்டு ஆள் வந்தபோது, நைனா ஒருவரே கஷ்டப்படுகிறார் என்று அவனாகவே கிளம்பி வந்துவிட்டான். டாக்டரிடம் சொல்லவில்லை. இருமல் இல்லாதபோது ஊசி எதற்கு என்று கேட்டான். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் சொன்னான். அதில் ஒன்று, பின்பக்கத் தோட்டத்தில் ஒரு குருவி இருக்கிறது, காலையில் ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி, கடிகாரம் மாதிரி கூப்பிடும் என்பது. நான் நம்பவில்லை. "குருவிக்கு எந்தக் கடைல வாச்சு வாங்கிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். அவன் நூல் சுற்றும் தார்க்குச்சியை எடுத்து என் மேல் எறிந்தான்.

ஆனியில் மறுபடி ரத்தம். இந்த முறை ஊசிக்கு நோய் கேட்கவில்லை. பாதியில் விட்டால் நோய்ப் பூச்சி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அதற்குப் பிறகு அதே மருந்து வேலை செய்யாது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவன் படுத்திருந்தபோதே எனக்கும் இருமல் ஆரம்பித்திருந்தது. நான் சொல்லவில்லை. அவன் போன பிறகு சொல்வதற்கு வெட்கமாகக்கூட இருந்தது. கார்த்திகையில் எழுந்து நிற்க முடியாமல் போனபோது நைனா என் துணிகளை ஒரு பையில் வைத்து அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

சோதனை எப்படி என்று கேட்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. மூடி போட்ட சின்ன டப்பா கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், அடி நெஞ்சிலிருந்து காறி அதில் துப்ப வேண்டும். எச்சிலைத் துப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று நாள் இப்படி. அதைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பார்களாம். சாயம் என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, நமக்குத் தெரிந்த வேலைதானே என்று. எக்ஸ்ரேவுக்குச் சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். டாக்டர் என் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலது பக்கம் மேலே, சிக்கு விழுந்த நூல் மாதிரி வெள்ளையாக இருந்தது. அண்ணன் பக்கம் உட்காரும்போது எந்தப் பக்கம் அவனை ஒட்டி இருந்தது என்று யோசித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஊசி தினம் காலையில் இடுப்பில். இன்று இடது, நாளை வலது. வலிக்கும். அதைவிட, அந்த மருந்தால் காதுக்குள் கேட்கும் சத்தம்தான் தொந்தரவு. எனக்கு அது தறிச் சத்தம் மாதிரியே இருந்தது. ஊசி ஏழெட்டு மாதம், மாத்திரை ஒன்றரை வருஷம். ஆஸ்பத்திரியில் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க நான் அழுதேன். பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து வந்து, போர்வையை இழுத்து என் தலையோடு மூடிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் தூக்கம் வந்தது.

அவள்தான் ராணியக்கா. தெள்ளார் பக்கத்தில் ஒரு காலனி. கழனி வேலை செய்பவள். முப்பது வயது இருக்கும், ரெண்டு பிள்ளைகள். ஒரு பக்க நெஞ்சு முழுக்கக் கெட்டுப்போய் வந்தவள். அப்படியும் வார்டிலேயே அவள் வாய்தான் பெரியது. வெளியே இருந்தால் அவளும் நானும் ஒரு பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அங்கே எனக்கு வேண்டாத முட்டையை அவள் சாப்பிட்டாள், அவளுக்கு வேண்டாத ரொட்டியை நான் சாப்பிட்டேன்.

வார்டுக்குப் பின்னால் நீளமான தாழ்வாரம். அதைத் தாண்டித் தோட்டம் என்று சொல்வார்கள். யாரும் போட்ட தோட்டம் இல்லை. ரெண்டு வேப்பமரம், ஒரு பெரிய புங்கமரம், துணி துவைக்கும் கல், பாழுங்கிணறு, சுற்றி இலந்தைப் புதர். அந்தப் பக்கம் ஆண்கள் வார்டின் முதுகு தெரியும். மார்கழிப் பனிக்கு எங்களை எட்டு மணிக்கு மேல் போர்வையோடு தாழ்வாரத்தில் உட்கார வைப்பார்கள். வெயில் படட்டும், நல்ல காற்று வாங்கட்டும் என்று.

எனக்குக் காக்கா தெரியும், சிட்டுக்குருவி தெரியும். கோயில் புறா தெரியும். பத்து வருஷமாகத் தறியில் கட்டிய பாவு நூலையே பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு வேறு என்ன தெரியும். அதனால் நான் பறவைகளை நிறத்தால்தான் அடையாளம் வைத்துக்கொண்டேன். கிணற்று மேட்டில் உட்காரும் மீன்கொத்திக்கு மயில்கழுத்து. செம்போத்துக்கு அரக்கு. ராணியக்கா சிரித்தாள்.

"இன்னாமே, குருவியக்கூட சேலக் கணக்குலதான் பாப்பியா?"

"எனுக்குத் தெரிஞ்சது அதான்கா."

"அப்ப என்னிய இன்னா கலர்ல சேத்துக்குவ?"

"நீ சாயம் போன கலரு."

அதைச் சொல்லிச் சொல்லி மூன்று நாள் வார்டு முழுக்கச் சிரித்தார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது நிறம் பார்ப்பதற்கு. என் தங்கை செல்விக்குப் பதினாலு வயது. ஞாயிற்றுக்கிழமை நைனா சாப்பாடு கொண்டுவரும்போது, தூக்குப் பாத்திரத்தின் பிடியில் ஒரு சாண் பட்டு நூலைச் சுற்றி அனுப்புவாள். அந்த வாரம் தறியில் என்ன நிறம் ஓடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமாம். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அந்த நூல்களைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன்.

மார்கழி பாதி. விடியும்போது ஜன்னலுக்கு வெளியே மரமே தெரியாத பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து விசில் மாதிரி ரெண்டு சத்தம். முதலாவது மேலே ஏறி, ரெண்டாவது கீழே இறங்கி. சுவரில் மணி ஆறு. அண்ணன் சொன்ன குருவிதான். நான் வந்த மூன்றாம் நாளே அதைக் கேட்டுவிட்டேன். கேட்டபோது எழுந்து உட்கார்ந்து, "ஆமாடா, நெஜம்தான்" என்று அண்ணனிடம் சொல்வது போலச் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குளிர் காலத்துக்கு மட்டும் வரும், வெயில் ஏறினால் போய்விடும், ஆறுமணிக் குருவி என்று பேர் என்றாள் ராணியக்கா. போன வருஷம் அண்ணன் கேட்ட அதே குருவியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஊசி போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தோம். புங்க இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. ரெட்டைவால் கரிச்சான் ஒன்று துணிக்கொடியில் உட்கார்ந்து, பறக்கிற பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. வாலாட்டிக் குருவி துவைக்கும் கல்லைச் சுற்றி ஓடியது. அது நடக்கும்போது வால் ஆடுவதைப் பார்த்தால் தறியின் மிதிப்பலகையை யாரோ விடாமல் மிதிப்பது போல இருக்கும். பிறகு ஆறுமணிக் குருவி புதருக்கு அடியில் வந்தது. அது மரத்தில் உட்கார்ந்து காட்சி கொடுக்காது. கோழிக்குஞ்சு மாதிரி தரையில் தத்தித் தத்தி, காய்ந்த இலையைப் புரட்டிப் புரட்டித் தின்னும். வால் இருக்கிறதா என்றே தெரியாது. முதுகு பச்சை. நெஞ்சு சந்தன நிறம். இறக்கையில் ஒரு துண்டு நீலம் பளிச்சென்று. கண் வழியாகக் கறுப்புப் பட்டை. வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் ஒரே சேலையில் போட்டால் எவளும் வாங்க மாட்டாள். அதன் மேல் எப்படிப் பொருந்தியதோ தெரியவில்லை. அதைப் பார்க்கும்போது என் நெஞ்சில் வலி இருக்காது. அண்ணன் நினைவு வரும், ஆனால் அந்த நினைவும் அப்போது சும்மா பக்கத்தில் வந்து உட்காரும்.

ஒன்பது மணி வாக்கில் கிணற்று மேட்டிலிருந்து கீரி இறங்கியது. தவிட்டுக்குருவிகள் கத்த ஆரம்பித்தன. எப்போதும் ஏழெட்டாகவே திரியும், மண் நிறத்தில் அழுக்காக இருக்கும். கீரி வாலைத் தூக்கிக்கொண்டு வெட்கப்பட்டது போலப் புதருக்குள் போனது. குருவிகள் இன்னும் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, இலந்தைக் கொம்பில் வரிசையாக ஒட்டி உட்கார்ந்தன. ஒன்றின் தலையை இன்னொன்று கோதியது. ஒன்று தரையிலிருந்து ஒரு புழுவை எடுத்துவந்து பக்கத்தில் இருந்ததன் வாய்க்குள் வைத்துத் திணித்தது.

"பாரு," என்றாள் ராணியக்கா. "எச்சி கிச்சினு பாக்குதா? நீங்க வூட்ல ஒங்கண்ணனுக்குத் தட்ட தனியா வெச்சி, சொம்ப தனியா வெச்சி, இன்னாத்த கண்டீங்க?"

அவள் சொன்னது உண்மை. அண்ணன் தையில் திரும்பி வந்தபோது ஊரில் எல்லோரும் சொன்னபடி அவனுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய் வைத்தோம். அவன் குடித்த சொம்பை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். ஒரு நாள் அவன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம் என்றேன்.

"அப்புறம் எப்டிமே ஒனக்கு வந்துச்சி? தறில ரெண்டு பேரும் ஒட்டிக்கினுதான குந்தினீங்க?"

"தறியில இன்னாக்கா எச்சி? கையில வேல. நாடாவ எடுத்து, தாரப் போட்டு..."

நாடா என்பது குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு, நெடுக்கே கட்டிய பாவுக்குள் போய்வரும் மரத்துண்டு. படகு மாதிரி இருக்கும். உள்ளே நூல் சுற்றிய தார் இருக்கும். நூல் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, நுனியை நாடாவின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். எப்படிக் கொண்டுவருவோம் என்று ராணியக்காவுக்குக் காட்ட, இல்லாத நாடாவைக் கையில் பிடித்து வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினேன்.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் உறிஞ்சிவிட்டு எனக்குத் தருவான். நான் உறிஞ்சிவிட்டு அவனுக்குத் தருவேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணியதே இல்லை. அதைப் போய் எச்சில் என்று எங்கள் தெருவில் ஒருவரும் நினைக்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைக்கிற பொருள் அது. தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சொம்பை வெந்நீரில் கழுவிய அம்மாவுக்கு நாடா நினைவே வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அதைவிடப் பெரிது ஒன்று இருந்தது. இப்போது என் இடத்தில் செல்வி உட்கார்ந்திருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அண்ணனின் நாடாவை எடுத்து நானே அவள் கையில் கொடுத்தேன். ஓரத்தில் அவன் பேரின் முதல் எழுத்தைக் கீறியிருப்பான். கறுத்து வழவழவென்று இருக்கும். வேறு நாடா தொடாதே, இது அண்ணன் நாடா, இதிலேயே நெய் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை வந்த நைனா, செல்விக்கு ஒரு வாரமாகக் கொஞ்சம் இருமல், மார்கழிப் பனிதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அதற்குச் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

நர்ஸம்மாவிடம் ஓடினேன். நர்ஸம்மா நிதானமானவர். மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"நாடாவ வாயில வெக்கறத நிறுத்தணும், அது சரி. ஆனா தட்டு, சொம்புனு பயந்துக்கினு இருந்தீங்களே, அதுல பெருசா ஒண்ணும் இல்லமா. இது காத்துல வர்றது. அவரு இருமும்போது நீ ஒரு மொழம் தள்ளி ஒக்காந்திருந்த, மூடின ரூம்புல, நாளெல்லாம். அது போதும். சரி, தங்கச்சி எங்க படுப்பா?"

"எம் பக்கத்துலதாங்க."

"நீ எத்தினி மாசம் இருமின?"

"நாலு மாசம்."

நர்ஸம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நாளைக்கு எக்ஸ்ரே உண்டு, விட்டால் அடுத்த வாரம்தான், கூட்டிவரச் சொல் என்றார். வீட்டில் போன் இல்லை. தெருவிலேயே இல்லை. தபால் கார்டு போட்டால் போய்ச் சேர வியாழனோ வெள்ளியோ ஆகும். நைனா வருவது ஞாயிறு.

நான் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். பதினோரு மணிக்கு ஆரணி பஸ் ஒன்று அந்த ரோட்டில் போகும். போய்ச் செல்வியை இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில். கேட்டுக்காரர் சீட்டு கேட்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் வெளியே போனால் பேரை ஏட்டிலிருந்து அடித்துவிடுவார்கள் என்றார். கேட்டு திறந்துதான் இருந்தது. அவர் ஒன்றும் பிடித்து நிறுத்தவில்லை. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ராணியக்கா வந்தாள். அவள் அவ்வளவு தூரம் நடக்கவே கூடாது. கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு வர நேரம் ஆனது.

"ஒங்கண்ணனும் நல்ல காரியத்துக்காவதாம்மே இந்த கேட்ட தாண்டினான்."

அண்ணனைப் பற்றிப் பேசாதே என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"நா பேசல. நீ போ. போயி அந்தப் பொண்ணுகிட்ட குந்திக்கினு இருமு."

பஸ் வந்து, நின்று, போனது. நான் கேட்டு ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. ராணியக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் வீட்டுக்காரர் இன்றைக்கு வருகிற நாள் என்றாள். அவர் ஊருக்குத் திரும்ப ஆரணியில்தான் பஸ் மாற வேண்டும்.

அவர் பேர் ஏழுமலை. அதிகம் பேசாத மனிதர். பன்னிரண்டு மணிக்கு மனைவிக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தெருவும் வீட்டு அடையாளமும் ரெண்டு தரம் திருப்பிச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒங்க தெருவுல நா வந்து சொன்னா நம்புவாங்களாமா? யாரு நீ, எங்கேர்ந்து வரேனு கேட்டா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. உள்ளே போய்த் தலையணை உறையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்த நூலை எடுத்துவந்தேன். அரக்கு நிறம். அதை அவர் சட்டைப் பொத்தானில் சுற்றிக் கட்டினேன். வீட்டு வாசலில் நின்று செல்வி என்று கூப்பிட்டு இதைக் காட்டுங்கள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள் என்றேன்.

அவர் போன பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மத்தியானம் முழுக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ராணியக்கா நடந்த களைப்பில் படுத்துவிட்டாள். வெயில் மஞ்சளாக இருந்தது. அணில் வேப்பமரத்தில் தலைகீழாக இறங்கி, என்னைப் பார்த்து நின்று, மறுபடி ஏறியது. ரெண்டு மைனா ஒரு ஓணானை விரட்டின. செம்போத்து புதருக்குள் ஏதோ பெரிய காரியம் இருப்பது போல நடந்து போனது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. இந்நேரம் பஸ் கண்ணமங்கலம் தாண்டியிருக்கும், இந்நேரம் ஆரணி வந்திருக்கும், இந்நேரம் எங்கள் தெருமுனையில் நிற்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்த நேரத்திலும் செல்வி ஒரு தாரை மாற்றிக்கொண்டிருப்பாள் என்றும் நினைத்தேன். புங்கமரத்து நிழல் கிணற்றைத் தொட்டபோது அந்த விசில் கேட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆறு மணி. அண்ணனும் இப்படித்தான் எதிர்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பான். அவன் எதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு கேட்டானோ. எங்களைப் பற்றித்தான் இருக்கும்.

மறுநாள் காலை குருவி கூப்பிட்டது, ஊசி போட்டார்கள், ஒன்பது மணி ஆகிவிட்டது. தாழ்வாரத்து முனையில் நைனா தெரிந்தார். அவருக்குப் பின்னால் அம்மாவின் போர்வையைப் போர்த்திக்கொண்டு செல்வி. அவள் மணிக்கட்டில் அரக்கு நூல்.

நைனா தூணில் சாய்ந்துகொண்டு சொன்னார். பஸ் கிடைக்கத் தாமதமாகி, ஏழுமலை இருட்டும் நேரத்தில்தான் வந்தாராம். அவர் ஊர்ப்பக்கம் போகும் கடைசி வந்தவாசி பஸ் போய்விட்டதாம். "நம்ம வூட்லதான் படுத்தாரு, தறியாண்ட. காலைல காப்பி குடிச்சிட்டுப் போனாரு" என்றார். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதுவரை அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் வீட்டுக்குள் படுத்ததில்லை.

செல்வியிடம் முதல் வார்த்தையாகவே கேட்டேன், நாடாவை வாயில் வைத்தாயா என்று. அவள் பயந்து நைனாவைப் பார்த்தாள்.

"இல்லக்கா. திட்டாத."

"எதுக்குத் திட்டப்போறேன்? சொல்லு."

"அண்ணன் வாய் வெச்ச நாடாக்கா அது. எடுத்து வாயாண்ட கொண்டும்போனா அழுக வந்துடுது. அதான் தொடப்பத்துலேர்ந்து ஈர்க்கு ஒண்ணு ஒட்ச்சி, அதால குத்தி நூல இழுத்துக்குவேன். ஜல்தியா வராது. நைனா தெனம் திட்டுறாரு. நீ அண்ணன் மாரியே நெய்யச் சொன்ன. நா நெய்யல."

நைனா தோட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

அப்போதும் பயம் முழுதும் போகவில்லை. என் பக்கத்தில் படுத்து மூச்சு விட்டவள்தானே. எக்ஸ்ரே எடுத்த பிறகு படம் காய்ந்து டாக்டர் பார்க்கும் வரை மூன்று பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ராணியக்கா வேண்டுமென்றே வந்து உட்கார்ந்தாள், "காத்துக்கு வேலி" என்று சொல்லி. அதைப் பார்த்துவிட்டுச் செல்வியை எங்கள் எல்லோரையும் விட்டுத் தள்ளி, வெட்டவெளியில், துவைக்கும் கல் மேல் உட்காரச் சொன்னார் நர்ஸம்மா. அவள் அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புதருக்கு அடியிலிருந்து ஆறுமணிக் குருவி வந்து, அவள் காலுக்கு நாலு முழத்தில் இலையைப் புரட்டியது. செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள், எக்ஸ்ரே அறையில் சொல்லிக்கொடுத்தது போலவே. குருவி சிவப்புத் தெரியக் குனிந்து ஒரு புழுவை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் விட்டாள்.

மத்தியானம் நர்ஸம்மா வந்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார். சளியையும் மூன்று நாள் சோதித்தார்கள். அதிலும் பூச்சி இல்லை. வெறும் மார்கழி இருமல். இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கூட்டிவந்து காட்டச் சொன்னார்கள். நைனா தவறாமல் கூட்டிவந்தார். தறி வீட்டில் தெருப்பக்கச் சுவரை இடித்து ஒரு ஜன்னலும் வைத்தார்.

பங்குனியில் ஒரு நாள் காலை சுவரில் மணி ஆறு ஆனது, வெளியே சத்தம் இல்லை. வார்டில் ரெண்டு மூன்று பேர் மரத்தைப் பார்த்தார்கள். மறுநாளும் இல்லை. குருவி போய்விட்டது என்றாள் ராணியக்கா. அண்ணன் போன வருஷம் அது இருக்கும்போதே கிளம்பி வந்துவிட்டான். அது போன பிறகும் நான் சித்திரை, வைகாசி, ஆனி என்று இருந்தேன். அவன் இருந்திருக்க வேண்டிய நாட்களையும் சேர்த்து இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டால் ஊசி அவ்வளவாக வலிக்கவில்லை. ராணியக்கா எனக்கு முன்னால் போனாள், நல்லபடியாக வீட்டுக்குத்தான். போகும்போது என் முட்டைக்கு இனிமேல் யார் கதி என்று கேட்டாள்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். மாத்திரை இன்னும் பாக்கி இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட வேண்டும். உடம்பு தேறிவிட்டதால் மறந்துபோகிறது. எங்கள் எல்லா நாடாவிலும் ஈர்க்கு ஒன்றை நூலால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தெருவில் முதலில் சிரித்தார்கள். இப்போது நாலு வீட்டில் அப்படிச் செய்கிறார்கள்.

போன வாரம், ஐப்பசி மழை விட்டிருந்த சாயங்காலம், செல்வியும் நானும் தறியில் இருந்தோம். கொல்லைப்பக்கம் எங்கள் முருங்கை மரத்துக்கு அடியில் குப்பைக்குள்ளிருந்து விசில் கேட்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று. செல்வி அண்ணன் நாடாவைக் கையிலேயே நிறுத்தினாள்.

"எக்கா, மணி ஆறு" என்றாள்.

நான் எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.